எழுதியவர் என்ற வரி

கண்ணா, சளி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று இந்தக் கடிதம் ஆரம்பிக்காது. அதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுவிட்டேன். தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு உனக்குப் புத்தி சொல்லவும் இதை எழுதவில்லை. அன்றைக்குப் பேசும்போது ஓரிடத்தில் உன் குரல் மாறியது. "ரேவதிக்கு டீம் லீட் குடுத்துட்டாங்கபா" என்றாய். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்கு நல்ல சேதிதானே என்று கேட்டேன். "நல்லதுதான். எல்லாம் லக்குதான்பா. மேனேஜருக்கு அவளைப் பிடிக்கும். அந்த வேலையெல்லாம் நான்தான் அவளுக்குக் கத்துக்குடுத்தேன்" என்றாய். சொல்லிவிட்டு, வழக்கம்போல, "அம்மாகிட்ட குடு" என்றாய். நான் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். நீ சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் நான் வேறு ஆளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அந்த வேறு ஆள் உன் அம்மா.

இதை உறையில் போட்டு பெங்களூருக்கு அனுப்பாமல், நீ எனக்கு அமைத்துக் கொடுத்த இணையதளத்திலேயே போடப்போகிறேன். நான் செய்த தப்பு நாலு பேர் பார்க்க நடந்தது. ஒப்புக்கொள்வதும் நாலு பேர் பார்க்கத்தான் நடக்கவேண்டும். உனக்குக் கூச்சமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு படி.

படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் காஞ்சிபுரத்தில் பத்திரம் எழுதுகிறவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமரத்துக்குக் கீழே ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு முப்பது வருஷம் உட்கார்ந்தவன். கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் எதுவானாலும் கட்சிக்காரர்கள் வந்து அவர்கள் சங்கதியைச் சொல்வார்கள். நான் அதை எழுதுவேன். வாங்கியவர், விற்றவர், சாட்சிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டபின் கடைசியில் 'எழுதியவர்' என்று போட்டு என் பெயரையும் உரிம எண்ணையும் எழுதுவேன். எத்தனை ஆயிரம் பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒன்றுகூட என் சொத்து இல்லை.

அந்தக் கடைசி வரிக்கு நான் ஏன் இப்படி ஆசைப்பட்டேன் என்று உனக்கு ஒருமுறைகூடச் சொன்னதில்லை. உன் தாத்தா தென்னேரிப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எங்கள் வீட்டில் எழுத்து இருந்த ஒரே காகிதம் வீட்டுமனைப் பத்திரம்தான். அதைத் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்ததும் அதை எடுத்துக் கொடுத்து, "இதுல என் பேரு எங்கடா இருக்குது, காட்டு" என்றார். தேடிக் கண்டுபிடித்துக் காட்டினேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் நீல மையில் கட்டை விரல் ரேகை. அதற்குக் கீழே வால் சுழித்து, கொம்பு நீட்டி, அவ்வளவு மிடுக்காக ஒரு பெயர் இருந்தது. அது யார் பெயர் என்று கேட்டேன். "எழுதனவர் பேரு" என்றார் அப்பா. மனை எங்களுடையது, ரேகை எங்களுடையது, ஆனால் அந்தத் தாளில் அழகாக இருந்தது அந்த ஆளின் பெயர்தான். எட்டு வயதில் எனக்கு வந்த முதல் பொறாமை அது. அது என்னைப் படிக்க வைத்தது, தமிழ்த் தட்டச்சு ஹையர் பாஸ் செய்ய வைத்தது. அதனால் பொறாமை நல்லது என்று நீண்ட நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மாவுக்கு இந்த மாதிரி ஆசை எதுவும் கிடையாது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு வரை நின்றுகொண்டே கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் புடவை பிரித்துப் போடுகிறாள். வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்தால் அன்றைக்கு வந்தவர்களைப் பற்றி ஏதாவது சொல்வாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டே பேப்பர் படிப்பேன். எழுத்துக்காரன் நான்தான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, எனக்கு மட்டும் லேசாக இருந்தது.

நீ ஆறாவது படிக்கும்போது பேச்சுப்போட்டி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 'ஒற்றுமை' என்று தலைப்பு. மூன்று பக்கம் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் உன்னை உட்காரவைத்து உருப்போட வைத்தேன். மேடையில் இரண்டாவது வரியிலேயே உனக்கு மறந்துபோனது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயசைத்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, காலையில் பஸ் ஸ்டாண்டில் உன் அம்மா சொல்லிக்கொண்டு வந்த சங்கதியைச் சொல்ல ஆரம்பித்தாய். ஒரே புடவைக்கு இரண்டு சம்பந்தி அம்மாள்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் விடாமல் நின்ற கதை. சபையே சிரித்தது. முதல் பரிசாக எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அந்த டம்ளரில் நான் இதுவரை தண்ணீர் குடித்ததில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய். உன் அம்மா கவனித்திருக்கிறாள், ஏனென்றால் எனக்கு அதில் அவள் தண்ணீர் கொடுத்ததே இல்லை.

இனி தளத்துக்கு வருகிறேன். நீ வேலைக்குப் போன இரண்டாம் வருஷம் பொங்கலுக்கு வந்தபோது, பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து, "நீ எழுதறத எல்லாம் ஏன்பா பேப்பர்காரனுக்கு அனுப்பி அவன் திருப்பி அனுப்பறான்? நாமளே போட்டுக்கலாம்" என்றாய். மற்றவர்கள் செய்வதுபோல ஏதோ ஒரு கம்பெனியின் தளத்தில் இடம் வாங்கி எழுதலாமே என்றதற்கு நீ ஒப்புக்கொள்ளவில்லை. "அது நம்ம கையில இல்லபா. கம்பெனிய மூடிட்டான்னா எல்லாம் போயிடும். இதுல எழுத்தெல்லாம் நம்ம வீட்டு கம்ப்யூட்டர்லயே ஃபைலா இருக்கும். ஒரு கமாண்ட் அடிச்சா முழு சைட்டும் இங்கியே பக்கம் பக்கமா ரெடியாயிடும். அத அப்படியே மேல ஏத்திட வேண்டியதுதான்" என்றாய். வீட்டில் கையால் எழுதி, பதிவு செய்ய எடுத்துக்கொண்டு போவது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். எனக்குப் பிடித்துப்போனது.

அதில் செட்டிங்ஸ் என்று ஒரு ஃபைல். இருபது இருபத்தைந்து வரிதான் இருக்கும். தளத்தின் பெயர், முகவரி, மொழி, நேரம் இந்திய நேரமா, தேதியை எப்படி எழுதுவது, ஒரு பக்கத்தில் எத்தனை கட்டுரை என்று வரிக்கு ஒன்றாக இருந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு புள்ளி, அதற்குப் பிறகு ஓர் இடைவெளி, பிறகு நாம் சொல்லவேண்டியது. "தமிழா சேவ் பண்ணு, இல்லாட்டி கேள்விக்குறியா வரும். ஸ்பேஸ் தப்பானாலும் ஓடாது. மத்தபடி இதுல கை வெக்காதபா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். மூன்றாம் நாளே கை வைத்தேன். திறந்து பார்த்தால் ஏழெட்டு வரியில் இரண்டு புள்ளிக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. பத்திரத்தில் காலி இடம் விடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். வரி பாதியில் முடிந்தால் மீதி இடத்தைக் கோடு போட்டு அடைத்துவிட வேண்டும். விட்டால் பின்னால் யாராவது ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொத்தையே மாற்றிவிடுவார்கள். என் மகன் இவ்வளவு அசிரத்தையாக விட்டுவிட்டானே என்று காலியாக இருந்த ஒவ்வொரு வரியையும் நீளமாகக் கோடு போட்டு அடைத்தேன். கமாண்ட் அடித்தால் திரை முழுக்கச் சிவப்பாகத் திட்டியது.

போனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அப்பா, காலியா இருந்தா அது காலின்னு அதுக்கே தெரியும்பா. நீ எதுக்கு கோடு போடற?" என்றாய். ஒவ்வொரு கோடாக அழிக்கச் சொன்னாய். கடைசியாக இருந்த வரியில் மட்டும், இது என்ன என்று கேட்டேன். அது எழுதியவர் பெயர். "ஒவ்வொரு போஸ்ட்டு ஃபைல்லயும் மேல யார் எழுதனதுன்னு பேரு போடறோம் இல்ல, சைட்ல அது கதைக்குக் கீழ வரும். போடாம விட்டா இங்க இருக்கிற பேரு தானா விழும். இப்ப காலியாவே இருக்கட்டும். அம்மாவும் எழுதுவாங்க இல்ல" என்றாய். அம்மாவா என்று கேட்டேன். நீ உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நான் போகவில்லை.

முதல் ஒரு வருஷம் என் கட்டுரைகள் மட்டுமே வந்தன. நீ கேட்டுக்கொண்டபடி கீழே மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தோம். இரண்டு மாதத்துக்கு ஒரு மெயில் வரும். அதிலும் பாதி உன் நண்பர்கள். பட்டா மாறுதல் பற்றி நான் எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினால், "நல்லாத்தான் இருக்குது. கையெழுத்து எங்க போடணும்னுதான் தெரியல" என்பாள். என் எழுத்தில் ஒன்றே ஒன்றுதான் ஊரார் வாயில் விழுந்தது. வாலாஜாபாத் பஸ் நிறுத்தத்தில் அடைமழையில் தொப்பலாக நனைந்துகொண்டு, கையிலிருந்த குடையைக் கல்யாணப் புடவைப் பொட்டலத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவரைப் பற்றியது. பதினேழு மெயில் வந்தது. அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு சார்பதிவாளருக்கே காட்டினேன்.

அப்புறம் நீ தீபாவளிக்கு வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாய். "நீ சொல்லுமா, அப்பா டைப் பண்ணட்டும்" என்றாய். அவள் வெட்கப்பட்டாள். பிறகு சொன்னாள். நான் தட்டினேன். கல்யாணப் பெண் ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்று பத்துப் புடவை மாற்றிப் பார்த்த கதை. "அந்தப் பொண்ணு ஒரு தடவகூட புடவைய பாக்கலைங்க. கண்ணாடில அவங்கம்மா மூஞ்சியத்தான் பாத்துக்கினே இருந்துச்சு. எந்தப் புடவைக்கு அந்தம்மா மூஞ்சி மலந்துச்சோ அத எடுத்துக்கினு போயிடுச்சு." அவ்வளவுதான் கதை. முடிந்துவிட்டதா என்று கேட்டேன். "வேற என்னா இருக்குது?" என்றாள். நான் 'ஆகவே' என்று ஆரம்பித்து நாலு வரி சேர்த்தேன். படித்துக் காட்டியதும், "அத எடுத்துடுங்க" என்றாள். எடுத்தேன். மேலே அவள் பெயரைப் போட்டு ஏற்றினோம். ஒரு வாரத்தில் நாற்பத்தொரு மெயில். நான் எண்ணினேன். தினமும் இரண்டு வேளை எண்ணினேன்.

அதிலிருந்து ஞாயிறுக்கு ஞாயிறு அவள் சொல்வதும் நான் தட்டுவதுமாக ஒன்பது கதை ஆயிற்று. ஒரு வார்த்தையைக்கூட அவள் தேடி நான் பார்த்ததில்லை. நான் ஒரு வாக்கியத்துக்கு அரைநாள் முட்டி மோதுவேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை வெளியில் காட்டாமல், போனில் உன்னிடம், "உங்க அம்மாவுக்கு லக்குடா. கடையில உட்கார்ந்த இடத்துல கதை வருது" என்றேன். நாற்காலியே இல்லாத கடையில் நிற்கிறவளைப் பற்றி உட்கார்ந்து வேலை செய்கிறவன் சொன்னது அது. "நான் தட்டாம இருந்தா இதெல்லாம் எங்க வெளிய வரப்போவுது" என்றும் சொன்னேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது எனக்கு ஏன் அப்படிக் கேட்டது என்று புரிகிறதா?

ஒரு நாள் காலை. அவள் கடைக்குப் போயிருந்தாள். எனக்கு அன்றைக்கு எந்தக் கட்சிக்காரரும் இல்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து யோசித்தேன். நம் தொழிலில் சொல்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். கட்சிக்காரர் ஆயிரம் சொல்லட்டும், எழுதியவர் என்று கீழே போடுவது எழுதியவன் பெயரைத்தானே? இந்த ஒன்பதையும் எழுதியது யார் விரல்? முப்பது வருஷம் செய்த வேலையே எனக்குச் சாட்சி சொல்ல வந்து நின்றது. ஒவ்வொரு கதையாகத் திறந்து, மேலே இருந்த உன் அம்மாவின் பெயரை அழித்தேன். என் பெயரை அங்கே எழுதவில்லை. அதற்குத் தைரியம் இல்லை. வெறுமனே காலியாக விட்டேன். பிறகு செட்டிங்ஸைத் திறந்து, நீ காலியாக இருக்கட்டும் என்று சொன்ன அந்தக் கடைசி வரியில் என் பெயரைத் தட்டினேன். இரண்டு புள்ளி, ஓர் இடைவெளி, என் பெயர். கமாண்ட் அடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஒன்பது கதைக்கும் கீழே 'எழுதியவர்' என்று என் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. படித்து முடித்த கதையை நீ மறுபடி திறந்து பார்க்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். எங்கேயும் நான் பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலி இடத்தில் பின்னால் யாரோ ஒருவன் வந்து எழுதிச் சொத்தை மாற்றிவிடுவான் என்று முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னவன், அந்த யாரோ ஒருவனாக ஆனேன்.

மெயில் நிற்காமல் வந்தது. 'ஐயா, ஓர் ஆணாக இருந்துகொண்டு பெண்களின் மனதை இப்படிப் பார்க்க உங்களுக்கு எங்கிருந்து வாய்த்தது?' என்று எழுதினார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் உன் அம்மா, "இன்னிக்கு யாராவது எழுதனாங்களா?" என்று ஆசையாகக் கேட்பாள். நான் படித்துக் காட்டுவேன். ஐயா என்று இருந்த இடத்தில் எல்லாம் அம்மா என்று மாற்றிப் படிப்பேன். வாய் தடுமாறியதே இல்லை. கடையில் முகூர்த்த நெருக்கடி என்று புதுக் கதை எதுவும் தட்டாத அந்த மூன்று மாதமும் அப்படிப் படித்தேன். அவள் முகம் மலர்வதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த மெயில் எல்லாம் எனக்கு வந்தது என்பதிலும் சந்தோஷமாக இருந்தது.

வைகாசியில் ஒரு நாள் அவள் கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கீபோர்டு மேல் வைத்தாள். "மலேசியாவுலருந்து உங்க வாசகர் ஒருத்தவங்க வந்தாங்க. பொண்ணு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க" என்றாள். முகம் கழுவப் போய்விட்டாள். பிரித்துப் பார்த்தேன். கண்ணாடி முன் நின்ற பெண்ணின் கதை. அந்த அம்மாள் அச்செடுத்துக் கொண்டுவந்திருக்கிறாள். கீழே என் பெயர் கறுப்பாக, தடிமனாக இருந்தது. அந்த எழுத்துரு உன்னிடம் நான் கேட்டு வாங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "கதை ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் சண்டை போடவில்லை, அழவில்லை, சோறு ஒரு நாள்கூட ஆறிப்போனதில்லை. கடையில் நடந்ததை வீட்டில் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஆறு மாதம் ஆகிறது. அம்மா ஏன் எழுதுவதில்லை என்று நீ கேட்டபோதெல்லாம், கடையில் சீசன், கால் வலி என்று நான்தான் சொன்னேன். இரவில் அவள் குரல் இல்லாமல் பேப்பர் படிக்க முடியவில்லை. இருபத்தெட்டு வருஷம் காதில் வாங்கிக்கொண்டே படித்தேன் என்று நினைத்திருந்தேன், படித்ததே இல்லை போலிருக்கிறது.

ரேவதிக்கு நீ கற்றுக் கொடுத்திருக்கலாம். நான் தட்டியதும் உண்மைதான். அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் இவ்வளவும் செய்தேன். பொய்யை வைத்துக்கொண்டு செய்திருந்தால் என் மனசே என்னைப் பிடித்திருக்கும். உனக்குப் பொறாமை வரக்கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு இப்போதும் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு எத்தனை மெயில் வரும், கண்ணாடிக் கதைக்கு வந்ததைத் தாண்டுமா என்று எழுதும்போதே ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பொறாமை வந்தால் வந்தது என்று ரேவதியிடமே சொல்லிவிடு. "எனக்கு வயிறு எரியுது ரேவதி" என்று சொல். அவள் சிரிப்பாள், இல்லை கோபப்படுவாள். லக்கு, மேனேஜர் என்று என்னிடம் சொல்லாதே. நான் அதைக் கேட்டுத் தலையாட்டும் ஆள். அதனால்தான் என்னிடம் சொன்னாய், அம்மாவிடம் சொல்லவில்லை.

மேலே உள்ளதை எழுதி முடித்தது நேற்று. எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தைச் சம்பந்தப்பட்டவருக்கு முழுக்கப் படித்துக் காட்டி, சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மேற்கொண்டு போவோம். இன்று உன் அம்மாவுக்கு வார விடுமுறை. மதியம் சாப்பிட்டபின் அவளை உட்காரச் சொல்லி, 'கண்ணா' என்பதிலிருந்து ஒரு வார்த்தை மாற்றாமல் படித்தேன். ஐயா, அம்மா வந்த இடத்தையும் உள்ளபடியே படித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"தப்பு இருக்குது" என்றாள்.

எங்கே என்று கேட்டேன்.

"ஒம்போது இல்ல. பத்து."

நான் விரல் விட்டு எண்ணி, ஒன்பதுதான் என்றேன்.

"குடைக்காரர் கதைய யாரு சொன்னது? நீங்க எங்க வாலாஜாபாத்து போனீங்க? எங்க கடையில புடவை எடுத்துக்கினு போனவரு அவரு. எங்க அக்காவ பாக்கப் போனப்ப பஸ்ஸுல இருந்து நான்தான் பாத்தேன். சாப்பிடறப்ப சொன்னேன். மோர் ஊத்தச் சொல்லிட்டு, ஊத்தறதுக்குள்ள எழுந்து போய் எழுத உக்காந்துட்டீங்க. மோர் சாதம் அப்படியே கெடந்துச்சு."

சத்தியமாகச் சொல்கிறேன் கண்ணா, அதை நான் திருடவில்லை. மறந்துபோயிருந்தேன். மூன்று வருஷமாக அந்தப் பெரியவரையும் மழையையும் என் கண்ணால் பார்த்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதைத் திருப்பிக் கொடுத்தாலும் எனக்கென்று அந்த ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இவ்வளவு பெரிய கடிதமே எழுதினேன். இப்போது அதுவும் இல்லை.

மலேசியா அம்மாளிடம் என்ன சொன்னாய் என்று அவளைக் கேட்டேன். ஆறு மாதமாகக் கேட்கப் பயந்தது அது. அவள் கடைசிப் புடவையை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். "இவர தெரியுமான்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர்தான்மா, நல்லா எழுதுவாருன்னு சொன்னேன்" என்றாள். நான் இத்தனை பக்கத்தில் சொல்ல முயன்றதை அவள் துணியை அடுக்கிக்கொண்டே ஒரு வரியில் சொல்லிவிட்டாள். அந்த நேரத்திலும், அந்த வரி எனக்கு வரவில்லையே என்று எனக்குத் தோன்றியது. நான் திருந்திவிட்டேன் என்று நீ யாரிடமும் சொல்லாதே.

பத்துக் கதையின் மேலும் கஸ்தூரி என்று உன் அம்மாவின் பெயரை எழுதிவிட்டேன். ஒன்பதுக்கு ஆனதைவிட அந்தக் கடைசி ஒன்றுக்கு அதிக நேரம் ஆயிற்று. செட்டிங்ஸில் இருந்த என் பெயரையும் எடுத்தேன். அங்கே அவள் பெயரையே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து, வெறும் இரண்டு புள்ளியோடு நின்ற அந்த வரியைப் பார்த்தாள். "வேணாம். காலியா கெடக்கட்டும். சொல்லணும்னு தோணறப்ப நானே சொல்றேன்" என்றாள். உள்ளே போய் அந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் இன்னும் அந்த ஃபைலை மூடவில்லை. வரி காலியாக இருக்கிறது. கை துறுதுறுக்கிறது. கோடு போடவில்லை.

இந்தக் கடைசிப் பகுதியையும் அவளுக்குப் படித்துக் காட்டிய பின்தான் மேலே ஏற்றுவேன்.

அப்பா